எச்சிலுக்கு ஒரு சொல்

அன்புள்ளவளுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? தைலத்தை மிச்சம் பிடிக்காமல் தேய்த்துக்கொள்.

உரிமம் புதுப்பிப்பதற்காக நேற்று சுகாதார ஆய்வாளர் அம்மா எங்கள் உணவகத்துக்கு வந்தார். அந்த நேரம் பார்த்து, கரண்டியிலிருந்து இரண்டு சொட்டுக் குழம்பை உள்ளங்கையில் விட்டு ருசி பார்த்தேன். 'கையை நக்குகிறார்' என்று எழுதிக்கொண்டார். கரண்டி எச்சிலாகக் கூடாதென்றுதான் கையில் விட்டேன் என்று விளக்கப் போனேன். இரண்டு பட்டம் வாங்கியவனுக்கு எச்சிலுக்கு இந்த நாட்டு மொழியில் சொல் அகப்படவில்லை. துப்பல் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

முதலாளி குதித்தார். "யோவ் வாத்தியாரே, படிச்ச வாயை மூடிக்கிட்டு இருக்கக் கூடாதா?"

அடுத்த வாரம் மறு ஆய்வு. தேறாவிட்டால் கடைக்குப் பூட்டு, எனக்கு ஊருக்குப் பயணச்சீட்டு. தேறிவிடுவோம், கவலைப்படாதே. உன் அண்ணனிடம் மட்டும் மூச்சு விடாதே. "எம்.ஏ. மாப்பிள்ளை கரண்டி பிடிக்கப் போறாரு" என்று பந்தியில் சிரித்தவர் அவர். நான் மறக்கவில்லை.

இனி ஒவ்வொரு தடவையும் புது ஸ்பூனில்தான் ருசி பார்க்க வேண்டுமாம். அதில் எனக்கு உப்பே பிடிபடவில்லை. ஒரு சட்டிக் குழம்புக்கு எவ்வளவு உப்புப் போடுவாய் என்று எழுது. நீ எங்கே அளந்தாய்? என் உள்ளங்கையில் விட்டு, "உப்புப் பாருங்க" என்பாய். இப்போது அங்கே யார் பார்க்கிறார்கள்?

முதலாளி கூப்பிடுகிறார். நிறுத்துகிறேன்.

உன் வீட்டுக்காரன்