இலைவெட்டி எறும்பும் உறைமோரும்

படப்பை
12.8.2006

ஜெரூஷா அப்பாவுக்கு,

‘அன்புள்ள’ என்று எழுத இன்றைக்குக் கை வரவில்லை.

சபை ஹாலில் நீங்கள் இலைவெட்டி எறும்பைப் பற்றிப் பேசியதை நினைத்தால் இன்னும் ஆத்திரம் வருகிறது. “எறும்பு நாள் முழுக்க இலையை வெட்டித் தூக்கிட்டு வரும். கூட்டுக்குள்ள வளர்ற காளான் சும்மா உட்கார்ந்து தின்னும், எங்க வீட்டம்மா மாதிரி!” ஹாலே சிரித்தது. காபி டிரேயோடு நின்ற நானும் சிரித்தேன். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இருபத்தாறு வருஷம் காலேஜில் விலங்கியல் நடத்தியவர் நீங்கள். எறும்பால் அந்த இலையைச் செரிக்க முடியாது, காளான் செரித்துக் கொடுப்பதில்தான் கூடே பிழைக்கிறது என்று உங்களுக்குத் தெரியாதா? உங்கள் நோட்ஸில் அந்த வரியை டைப் அடித்ததே நான்தானே! நாலு பேர் கைதட்டுவதற்காகப் பாடத்தையே மாற்றிவிட்டீர்கள்.

நேற்று போன் செய்து, “பிரிட்ஜ்ல உறைமோரைக் காணோமே, எங்க வச்சுட்டுப் போன?” என்று கேட்டீர்கள். எப்போது வருவாய் என்று கேட்கவில்லை.

புதுக் கூடு தேடிப் பறக்கும் ராணி எறும்பு, பழைய கூட்டுக் காளானில் ஒரு துணுக்கை வாயில் வைத்துக்கொண்டுதான் கிளம்பும். அதுவும் உங்கள் நோட்ஸில் இருக்கிறது, நாற்பத்திரண்டாம் பக்கம். நான் நம் வீட்டு உறைமோரைச் சின்ன எவர்சில்வர் டப்பாவில் எடுத்து வந்தேன்.

இங்கே அக்கா வீட்டில் தயிர் கட்டியாக உறைகிறது.

இப்படிக்கு,
சும்மா உட்கார்ந்து தின்றவள்