கார்ச் சாவியை வாங்கி வைத்த அண்ணிக்கு

அண்ணி,

இன்று காலை தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு சிராங்கூன் சாலையைக் கடக்க நின்றிருந்தேன். சிவப்பு விளக்கு. பக்கத்தில் நின்ற ஒருவர், ஊரிலிருந்து வந்து அதிக நாளாகியிருக்காது போலும், உள்ளங்கையை விரித்து வண்டிகளுக்குக் காட்டியபடி இறங்கி நடக்க ஆரம்பித்துவிட்டார். ஒரு டாக்சி கிறீச்சிட்டு நின்று நீளமாக ஹார்ன் அடித்தது. மனிதர் பதறவே இல்லை. அந்தக் கையைப் பார்த்ததும் எனக்கு உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. பச்சை விளக்கு வந்து போனதுகூடத் தெரியாமல் மீன் பையோடு அங்கேயே நின்றேன்.

கல்யாணமாகி மதுரையிலிருந்து சிங்கப்பூர் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, இதே சாலையில் நீங்களும் அப்படித்தான் இறங்கினீர்கள். புதுப் பட்டுப்புடவை, கை நிறைய வளையல், டிராபிக் போலீஸ் மாதிரி நீட்டிய கை. அண்ணன் முந்தானையைப் பிடித்து இழுத்ததில் தோளில் குத்தியிருந்த ஊசி கழன்றுவிட்டது.

"இங்க அப்படியெல்லாம் போகக்கூடாது லா! பட்டன அமுக்கிட்டு வெயிட் பண்ணணும்" என்றான்.

"கார்க்காரரு என்னையப் பாத்துட்டாரே. நிறுத்தியிருப்பாரே" என்றீர்கள், ஊசியைத் தேடிக்கொண்டே. நாத்தனார் என்ற உரிமையில் வீடு போய்ச் சேரும்வரை உங்களைக் கேலி செய்து தீர்த்தேன்.

மதுரைக்கு என்னை அழைத்துப் போனபோது அதற்கெல்லாம் சேர்த்து எனக்குக் கிடைத்தது. பெரியார் பேருந்து நிலையத்துக்கு எதிரே, சாலையோரம் நட்டுவைத்த கம்பம் மாதிரி நின்றேன். பஸ், ஆட்டோ, ஒரே ஸ்கூட்டரில் அப்பா அம்மா இரண்டு பிள்ளைகள், தப்பான பக்கத்தில் எதிரே வரும் பைக். எல்லாருடைய கையும் ஹார்னிலேயே இருந்தது. சிங்கப்பூரில் ஹார்ன் அடித்தால் திட்டுகிறார்கள் என்று அர்த்தம். அங்கேயோ 'நான் வருகிறேன்' என்று சொல்வதற்கே அது. யார் திட்டுகிறார்கள், யார் சேதி சொல்கிறார்கள் என்று புரியாமல் நான் முழித்தேன். நீங்கள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டீர்கள்.

"ஓடவும் கூடாது, நிக்கவும் கூடாது. ஒரே சீரா நடந்து வா. நம்மளப் பாத்து அவங்களே ஒதுங்கிப் போவாங்க."

அக்கரை சேர்ந்ததும் நான் சாகசம் செய்த மாதிரி சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. "இதுல பெருமை ஒண்ணும் இல்ல. ஒதுங்காதவனும் வருவான். எங்க தெருவுலயே இப்படிப் போனவங்க படம் மாலையோட தொங்குது" என்றீர்கள். உங்கள் ஊரை நான் குறை சொன்னால் சண்டைக்கு வருவீர்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

அப்புறம் அண்ணனுக்குச் சர்க்கரை வந்தது. அப்போது நாம் புக்கிட் பாஞ்சாங்கில் பக்கத்துப் பக்கத்து அடுக்குமாடிப் புளோக்கில் இருந்தோம். நான் விடிந்ததும் வேலைக்கு ஓடிவிடுவேன், என் இரண்டு பெண்களையும் காரில் பள்ளிக்குக் கொண்டுபோய் விடுவது அண்ணன்தான். ஒருநாள் நீங்களும் கூடப் போனீர்கள். பாதசாரிகளுக்கான வரிக்கோட்டுக் கடவையில் ஒரு சீனப் பாட்டி தள்ளுவண்டியோடு இறங்க, அண்ணன் வேகத்தைக் குறைக்காமலே போய்விட்டான். பாட்டி பின்வாங்கிவிட்டார், தள்ளுவண்டி கவிழ்ந்தது. நீங்கள் கத்திக் காரை நிறுத்தவைத்து, ஓடிப்போய்க் காய்கறியைப் பொறுக்கிக் கொடுத்துவிட்டு வந்தீர்கள்.

"எங்கேருந்து வந்தாங்க? நான் பாக்கவே இல்லையே" என்றானாம் அண்ணன். பாட்டி அவனுக்கு நேர் எதிரே, மஞ்சள் சட்டையில் நின்றிருந்தார்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு நானும் உங்கள் வீட்டில் இருந்தேன். "இனிமே நீங்க ஓட்ட வேணாம்" என்று குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னீர்கள். அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"உங்க ஊர்ல ஹெல்மெட் இல்லாம ஒரு பைக்ல நாலு பேர் போறீங்க. நீ எனக்கு ரோட் சேஃப்டி சொல்லித் தரியா?"

"அதனாலதாங்க சொல்றேன். அங்க நீங்க பாக்காட்டியும் எதுக்க வர்றவன் உங்களப் பாத்து ஒதுங்கிருவான். எவனையும் நம்ப மாட்டான். இங்க அந்தப் பாட்டி நீங்க நிறுத்துவீங்கன்னு நம்பி எறங்குது. அதுக்குத் திரும்பிப் பாக்கணும்னுகூடத் தோணாது."

அண்ணன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான். நீங்கள் ஆணியில் தொங்கிய கார்ச் சாவியை எடுத்து என் கையில் திணித்தீர்கள். "உங்கிட்டயே இருக்கட்டும். எங்கிட்ட இருந்தா கெஞ்சிக் கேட்டு வாங்கிருவாரு. நானும் குடுத்துருவேன்."

சர்க்கரை விழித்திரையைப் பிடித்துவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகும் அண்ணனுக்குக் கோபம் ஆறவில்லை. மாதக்கணக்கில் உங்களோடு பேசவில்லை. எதிரிலேயே நிற்கும் உங்களிடம் சோறு போடச் சொல்லி என்னைத் தூதுவிடுவான். நீங்கள் என் வீட்டுச் சமையலறையில் வந்து அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பிப் போவீர்கள்.

"பேசாட்டிப் போகட்டும். யார் மேலயாவது ஏத்திட்டு வந்திருந்தா, அதுக்கப்புறம் அந்த மனுசனால யார்கிட்டயும் பேசவே முடியாது" என்றீர்கள் ஒருநாள்.

பிறகு பேசினான்தான். உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறவும் பழகிக்கொண்டான். ஆனால் நீங்கள் செய்தது சரி என்று மட்டும் அவன் வாயிலிருந்து வரவே இல்லை. நீங்களும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் உங்கள் கடைசி நாட்களில்கூட, "உங்க அண்ணனுக்கு இன்னும் எம்மேல அந்தக் கோவம் இருக்கு" என்றுதான் என்னிடம் சொன்னீர்கள். எனக்கு அவன் மேல் வந்த ஆத்திரத்தை அடக்கிக்கொண்டேன்.

போன மாதம் நானும் அண்ணனும் உங்கள் முதல் திதியை ராமேஸ்வரத்தில் கொடுக்கப் போயிருந்தோம். உங்கள் தம்பி மதுரையில் கார் ஏற்பாடு செய்திருந்தார். பின் இருக்கையில் பெல்ட்டைத் தேடினேன், அது சீட் உறைக்கு அடியில் புதைந்து கிடந்தது. "பின்னால ஒக்காந்தா அது எதுக்கு?" என்று உங்கள் தம்பி சிரித்தார். டிரைவர் ஒரு கையில் போனை வைத்துப் பேசிக்கொண்டே லாரிகளை முந்தினார். நான் முன் இருக்கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். வந்த இடத்தில் எப்படிச் சொல்வது என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அண்ணனுக்கு இப்போது நிழலாட்டம்தான் தெரிகிறது. அவன் திடீரென்று டிரைவரிடம், "தம்பி, வண்டிய ஓரங்கட்டுப்பா" என்றான்.

"தெரிஞ்ச பையன்தான் மச்சான், பாத்துப் போவான்" என்றார் உங்கள் தம்பி.

"அவன் ரோட்டப் பாக்கல. பேசுறது எனக்குக் கேக்குதே." கார் நின்றது. அண்ணன் முன்பக்கம் பார்த்துக் கையை நீட்டினான். "போன எங்கிட்ட குடு தம்பி. எனக்குக் கண்ணு மங்கினப்புறமும் நான் ஓட்டிட்டுத்தான் இருந்தேன். என் பொண்டாட்டிதான் சாவிய வாங்கி வச்சா. அவ அன்னிக்கு வாங்கலன்னா, யாரோ ஒருத்தங்கள நான் கொன்னிருப்பேன். அவளுக்குத் திதி குடுக்கத்தான் போறோம்."

டிரைவர் போனைக் கொடுத்தார். ராமேஸ்வரம் வரைக்கும் அது அண்ணன் மடியில் அடித்துக்கொண்டே இருந்தது.

அண்ணி, அவனுக்கு உங்கள் மேல் கோபம் இல்லை. நான் என் காதால் கேட்டேன்.