பாதி தின்ற மக்காச்சோளம்

என் வாயாடி மகளுக்கு அம்மா எழுதுவது. மாப்பிள்ளையையும் சின்னவளையும் ரொம்பக் கேட்டதாகச் சொல். நாங்கள் இருவரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பேனா அந்தச் சொல்லுக்கு வரமாட்டேன் என்கிறது.

நீ சொன்னபடியே அப்பாவுக்கு ராத்திரிச் சோற்றை நிறுத்திவிட்டேன். அதற்குப் பதில் ஒரே ஒரு மக்காச்சோளம். நார்ச்சத்து வயிற்றுக்கு நல்லது, அந்த மஞ்சள் கண்ணுக்கு நல்லது என்று நீ சொன்னதையெல்லாம் அவரிடம் ஒப்பித்தேன். முதல் நாள் தண்ணீரிலேயே உப்பைப் போட்டுத் தொலைத்தேன், மணியெல்லாம் தோல் தடித்துப் போயிற்று. "பல்லுக்குப் பரீட்சையா?" என்றார். இப்போது உள்தோல் ஒன்றை விட்டு வேகவைத்து, இறக்கிய பிறகுதான் உப்பும் எலுமிச்சையும் தடவுகிறேன். ருசித்துத்தான் சாப்பிட்டார்.

ஆனால் தினமும் இடது பாதியை அப்படியே வைத்துவிடுவார். இளசாகத் தேடித்தேடி வாங்கி வந்தால் பாதி குப்பைக்கா என்று நானும் ஒரு வாரம் கத்தினேன். "முழுசாத்தானே தின்னேன், உனக்குத்தான் கண்ணு சரியில்ல" என்று எகிறினார். அன்றைக்கு எனக்குச் சண்டை போடத் தெம்பில்லை. தட்டில் கிடந்ததை எடுத்து, வலது இடதாகத் திருப்பிக் கையில் கொடுத்தேன். உன் அப்பா சிரித்தார். "ஒன்னுக்கு மேல கூடாதுன்னு உன் மக சொல்லியிருக்கா. ரெண்டாவது தர்றியே, மாட்டிக்கப்போற" என்றார். சொல்லிவிட்டு மிச்சத்தைத் தின்றார். நான் அடுப்படியில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மறுநாளே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். மூளையில் சின்ன அடைப்பாம். கண் இரண்டும் நன்றாக இருக்கிறது, இடது பக்கத்தை மூளைதான் வாங்கிக்கொள்ளவில்லை என்றார் டாக்டர். இனி வண்டி ஓட்டவே கூடாதாம். மூன்று நாள் வைத்திருந்து மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். உன்னிடம் போனில் மூச்சு விடக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். கடிதத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அவர் நம்பவில்லை, அதுதான் என் பயம். "எனக்கு எல்லாம் தெரியுது. இருபத்தாறு வருஷமா ஸ்கூல் வேன் ஓட்டுறேன், ஒரு பிள்ளைக்குக் கீறல் விழுந்ததில்ல" என்கிறார். பொய் சொல்லவில்லை, பாவம். விடுமுறைக்கு முன்னால் வேனின் இடது பக்கம் இரண்டு முறை பள்ளிக்கூட கேட்டில் உரசியது. கேட்டைத் திட்டினார், நானும் சேர்ந்து திட்டினேன். பிள்ளைகள் ஏறி இறங்குவதும் அந்தப் பக்கம்தானே.

பள்ளி திறக்க இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. சாவியை எடுத்து ஒளித்துவைத்திருக்கிறேன். அதிலிருந்து என்னோடு பேச்சு இல்லை.

நீ சொன்னால் கேட்பார். நீ சொன்னாய் என்றுதானே சோற்றையே விட்டார். கோபப்படாமல், அழாமல் சொல். வேனை விட்டால் தான் ஒன்றுமே இல்லை என்று நினைக்கிறார், அப்படி இல்லை என்பதையும் நீதான் சொல்ல வேண்டும்.

கல்யாணமான நாள் முதல் அவர் கை நீட்டிக் கேட்டு நான் இல்லை என்றதில்லை. பள்ளி திறக்கிற அன்று காலை குளித்துச் சட்டை மாட்டிக்கொண்டு என் முன்னால் கை நீட்டி நின்றால், சாவியைக் கொடுத்துவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருக்கிறது. அதற்குள் பேசிவிடு, தங்கமே. நீ நூறு வருஷம் நன்றாக இருப்பாய்.

உன் அம்மா