தோசை திருப்பும் நேரத்து ஜெபம்

என் எஸ்தருக்கு,

நீ கர்த்தரிடம் போய் எட்டு மாதம் ஆகிறது. செங்கம் சாலையில் நம் டிபன் கடை நடக்கிறது. தோசைக்கல்லுக்கு முன்னால் இப்போது நான்தான் நிற்கிறேன். சிரிக்காதே, தோசை வட்டமாகத்தான் வருகிறது.

ஒவ்வொரு தோசையையும் திருப்பும்போது நீ ஒரு பெயரை முணுமுணுப்பாய். தட்டு யாருக்குப் போகிறதோ அவர் பெயர். தெரியாவிட்டால், "இயேசப்பா, அந்த நீலச் சட்டைய பாத்துக்கோங்க." நான் எவ்வளவு கேலி செய்திருப்பேன்! ஜெபம் என்றால் முழங்காலிட்டு, கண்ணை மூடிச் செய்வது, கையில் கரண்டியோடு என்ன ஜெபம் என்பேன். நீ கோபித்துக்கொண்டதே இல்லை.

"கண்ண மூடினா தோசை தீஞ்சிடுங்க. அவரு இங்கியேதான் நிக்கிறாரு, பேசறதுக்குக் கண்ண எதுக்கு மூடணும்?"

சொல்லிவிட்டு அடுத்ததை ஊற்றுவாய்.

நீ போன பிறகு என் வழியில் செய்து பார்த்தேன். விடியலில் முழங்காலிட்டால் ஒரு வசனம் முடிவதற்குள் போன் அடிக்கும், கேஸ் வண்டி வரும், பக்கத்து அறையில் குடியிருப்பவர் வந்து பொங்கல் இருக்கா என்பார். ஞாயிறு சபையில் உட்கார்ந்தாலும் மனசு சட்னியில். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நம் வீட்டுக்கும் இயேசுவுக்கும் இருந்த பேச்சு உன்னோடு முடிந்தது என்றே நினைத்துவிட்டேன்.

போன பௌர்ணமிக்குக் கிரிவலக் கூட்டம் கடையை அடைத்து நின்றது. எனக்கு ஒரு வீம்பு. இன்றைக்கு ஜெபித்தே தீருவது என்று கல்லுக்கு முன்னாலேயே கண்ணை மூடினேன். நாலு தோசை கரி. புகையைப் பார்த்துவிட்டு, எதிரே பூ விற்கும் வள்ளி ஓடி வந்து அடுப்பை அணைத்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன்.

"அண்ணே, என் பொண்ணு பிரசவத்துக்குக் கஷ்டப்பட்டப்ப, தோசைய திருப்பிக்கினே அக்கா எங்க பேர சொல்லும். இப்ப யாரு சொல்றது?"

தினமும் கோயிலில் கும்பிட்டுவிட்டுக் கடை விரிக்கிறவள் அவள். அவளுக்குக்கூட உன் ஜெபம் தேவைப்பட்டிருக்கிறது. பக்கத்திலேயே நின்ற எனக்குத்தான் அதன் அருமை தெரியவில்லை. எனக்கு எத்தனை பெருமையாக இருந்தது தெரியுமா, எஸ்தர்? அழுகையும் வந்தது. வெங்காயம் என்று சமாளித்தேன்.

அடுப்பை மறுபடி பற்றவைத்து, முதல் தோசையைத் திருப்பும்போது "வள்ளி" என்றேன். கண் திறந்தே இருந்தது. போன் அடித்துக்கொண்டுதான் இருந்தது. அடுத்தது ஒரு காவி வேட்டி, அதற்கடுத்தது குழந்தையோடு ஒரு வெள்ளைக்காரம்மா. மாவு தீரும்வரை இயேசுவோடு பேசிக்கொண்டே இருந்தேன். உனக்கும் இப்படித்தான் இருந்ததா?

கடை மூடுமுன் கடைசித் தோசையை எனக்குத்தான் ஊற்றுவாய். அப்போதும் உன் உதடு அசையும். அது என் பெயர் என்று இத்தனை வருஷம் எனக்குத் தோன்றவே இல்லையே.

இனி அந்தக் கடைசித் தோசைக்கு உன் பெயரைச் சொல்லி அவருக்கு நன்றி சொல்வேன். கல் சூடாக இருக்கும் நாள்வரை ஒருவர் பெயரும் விட்டுப்போகாது. இது என் வாக்கு.

தீயாமல் சுடக் கற்றுக்கொண்ட,
உன் வீட்டுக்காரன் சாமுவேல்