வலப்பக்கத்துக் குரல்

ஸ்ரீரங்கம்
27 ஜனவரி 2025

அடி சித்ரா,

நான் நலம். நீ நலமா என்று கேட்க மாட்டேன். இத்தனை முறை கூப்பிட்டும் போனை எடுக்காதவள் நலமாகத்தான் இருப்பாள். மன்னார்புரத்தில் நம் ஷஹனாஸ் மகள் கல்யாணத்தில் ஐஸ்கிரீம் வரும்வரை என் பக்கத்திலேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாய். மறுநாளிலிருந்து உனக்கு என்ன வந்தது? வாட்ஸ்அப்பில் எதை அனுப்பினாலும் கட்டை விரலைத் தூக்கிக் காட்டுகிறாய். காலேஜ் நாள் முதல் கூட இருக்கிற சிநேகிதிக்குக் கட்டை விரல்தானா? அதனால்தான் தபாலில் இறங்கிவிட்டேன். கடிதம் வந்தால் உன்னால் பிரிக்காமல் இருக்க முடியாது என்று எனக்குத் தெரியும்.

கோபம் எதுவானாலும் அப்புறம் படலாம். முதலில் இதைக் கேள். நம் இங்கிலீஷ் பாட்டுக் குழு நார்த் ஜெட்டியின் ‘டைட் டேபிள்’ ரெக்கார்டுக்கு ஐம்பதாம் ஆண்டுப் பதிப்பு வந்துவிட்டது. வாங்கவே கூடாது என்றுதான் இருந்தேன். பிறகு வாங்கிவிட்டேன், சிரிக்காதே. ஆரஞ்சு நிறத்தில் ஒரு பெட்டி, தீபாவளிக்கு ஸ்வீட் தருகிற அளவில். நம் காலத்தில் ஒரே தட்டு, ஒன்பது பாட்டு, முடிந்தது. இப்போது நான்கு சிடி! சரியாக வரவில்லை என்று அன்றைக்கு அவர்களே தூக்கிப் போட்டதையெல்லாம் பொறுக்கியெடுத்து ‘போனஸ்’ என்கிறார்கள். ஒருவர் இருமுகிறார், ஒருவர் டீ கேட்கிறார், அதற்கும் ஒரு தலைப்பு. புது மிக்ஸ் என்று டிரம்ஸை முன்னால் இழுத்துவிட்டிருக்கிறார்கள். பக்கத்து ஆத்தில் ஆணி அடிக்கிற மாதிரி இருக்கிறது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். கடைசிப் பாட்டில் அவன் ஒரு வரி கேட்க அவள் ஒரு வரி பதில் சொல்வாளே, அந்தப் பெண் குரலையே காணோம். அவன் மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கிறான். பதில் வருகிற இடமெல்லாம் வெறும் கிசுகிசுப்பு. மாப்பிள்ளை பொங்கலுக்கு வாங்கித் தந்த ஹெட்போனில், எங்காத்துக்காரர் மத்தியானம் தூங்குகிறபோது மூன்று தடவை கேட்டுப் பார்த்துவிட்டேன். ஐம்பது வருஷம் கழித்து ஒரு பெண்ணை இப்படி அழிப்பார்களா? எனக்கு வயிறு எரிகிறது. உனக்கும் எரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

உடனே பதில் போடு.

உன் மாது


காட்டூர்
1 பிப்ரவரி 2025

மாதுரிக்கு,

கடிதம் கிடைத்தது. நீ நினைத்தபடியே பிரித்துவிட்டேன்.

அந்தப் பதிப்பை நானும் இணையத்தில் கேட்டேன். எங்கள் கூடத்து ஸ்பீக்கரில் போட்டுத்தான் கேட்டேன். அவள் இருக்கிறாள். பழைய தட்டிலும் வலது பக்கம்தான் பாடினாள், புது மிக்ஸிலும் வலது பக்கம்தான் பாடுகிறாள், முன்னைவிடத் தெளிவாக. திட்டுவதற்கு முன்னால் ஒழுங்காகக் கேட்க வேண்டும்.

உனக்கு எப்போதுமே பழையதைத் தொட்டால் ஆகாது. அசல் அசல் என்கிறாயே, நாம் கேட்ட அசல் எது? பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டு டோனி மாமா ஆஸ்திரேலியா போகும்போது எங்கப்பா கையில் கொடுத்துவிட்டுப் போன தேய்ந்த தட்டு. இரண்டாம் பக்கத்தில் ஊசி ஓர் இடத்தில் துள்ளும். அந்தத் துள்ளல் இல்லையென்றால் உனக்குப் பாட்டே சரியில்லை. இந்த மிக்ஸில்தான் பேஸ் கிட்டார் அடியில் என்ன செய்துகொண்டிருந்தது என்று எனக்குத் தெரிந்தது. தலையெல்லாம் நரைத்த பிறகு, மனப்பாடமான பாட்டில் புதிதாக ஒன்று கேட்கக் கிடைத்தால் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. அதற்கு எந்தக் கம்பெனி பெட்டி போட்டு விற்றாலும் போகட்டும்.

எனக்கு என்ன வந்தது என்று கேட்டிருந்தாய். ஒன்றும் வரவில்லை. நீ சொன்னபடிதான் செய்கிறேன். ‘அம்மா, வந்துவிடு’ என்று கூப்பிடுகிற சுந்தரத்திடம், ஓசூருக்கே வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். இந்த வீட்டை வாங்க ஆளும் கிடைத்துவிட்டது. ஏப்ரலுக்குள் காலி செய்ய வேண்டும்.

உன் வீட்டுக்காரரை விசாரித்ததாகச் சொல்லவும்.

சித்ராதேவி


ஸ்ரீரங்கம்
5 பிப்ரவரி 2025

அடியே சித்ரா,

பேங்க்குக்கு எழுதுகிற மாதிரி ‘சித்ராதேவி’ என்று முழுக் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். அதைப் பார்த்ததுமே பாதி உயிர் போயிற்று. மீதி, ஓசூர் என்று படித்ததும் போயிற்று.

ஓசூரா? வீட்டை விற்பதா? நான் சொன்னேனா? எப்போது சொன்னேன்? உன் வீட்டுக்காரர் ஜெய்சங்கர் போய் மூன்று வருஷம் ஆகிறது. நீ அந்த வீட்டில் தனியாக இருக்கிறாயே என்று நான் கவலைப்படாத நாள் இல்லை. அதற்காக உன்னை ஓசூருக்குப் போ என்று நான் சொல்வேனா? இத்தனை பெரிய விஷயத்தை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் முடித்துவிட்டு, நான் சொன்னேன் என்று என் தலையிலேயே போடுகிறாய். உன் மகன் பேரைச் சொல்லி நீயே ஒரு முடிவெடுத்திருந்தால் அதை நேராகச் சொல். எனக்கு வருத்தமாக இருக்கிறது. கோபமும்தான்.

அப்புறம், அவள் இல்லை. நேற்றும் கேட்டேன். நான் புலம்பியது கேட்டு இவர் எழுந்து வந்து, “அந்தப் பொம்மனாட்டி பாடாட்டா என்ன மாதுரி, அவன் பாடறானோல்லியோ” என்கிறார். இவரோடு முப்பத்தேழு வருஷம் குடித்தனம் செய்திருக்கிறேன் என்பதற்கே எனக்கு ஒரு பெட்டி போட்டு ஐம்பதாம் ஆண்டுப் பதிப்பு வெளியிடலாம்.

மாது


காட்டூர்
10 பிப்ரவரி 2025

மாது,

நான் சொல்லவில்லையா?

ஷஹனாஸ் வீட்டுக் கல்யாணத்தில், சாப்பாட்டுக் கூடத்தில், உன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கால் மணி நேரம் சொன்னேன். சுந்தரம் தினமும் நச்சரிப்பதைச் சொன்னேன். வீட்டைச் சொன்னேன். கடைசியில் உன்னிடம் ஒன்று கேட்டேன். வீட்டிலிருந்து கிளம்பும்போதே கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு வந்த கேள்வி அது. நீ ஐஸ்கிரீமைக் கிளறிக்கொண்டே சிரித்தாய். “தாராளமா செய்டி, ரொம்ப சந்தோஷம்” என்றாய். அப்புறம் மாப்பிள்ளைப் பையன் உயரம் என்றாய்.

நான் போவது உனக்கு அவ்வளவு லேசான விஷயமா என்று பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். மறுநாள் சுந்தரத்துக்கு போன் செய்து சரி என்றேன். இப்போது, ‘எப்போது சொன்னேன்’ என்று கேட்கிறாய். மறந்துவிட்டாயா, அல்லது அன்றைக்குக் காதிலேயே வாங்கவில்லையா?

அந்தப் பாட்டு விஷயத்துக்கு ஒரு முடிவு கட்டு. உன் ஹெட்போனில் வலது பக்கம் பழுதாக இருக்கும். வலது இடது மாற்றித் திருப்பி மாட்டிக்கொண்டு கேள். அப்போதும் அவள் பாடவில்லையென்றால் மாப்பிள்ளையிடம் சொல்லிக் கடையில் மாற்றிக்கொள்.

சித்ரா


ஸ்ரீரங்கம்
16 பிப்ரவரி 2025

என் சித்ரா,

நீ சொன்னபடி செய்தேன். திருப்பி மாட்டிக்கொண்டு கடைசிப் பாட்டைப் போட்டேன்.

அவள் பாடினாள், சித்ரா. என்ன அழகாகப் பாடினாள் தெரியுமா! ஆனால் அவனைக் காணோம்.

முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பிறகு ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, இடது காதுக்குப் பக்கத்தில் விரலைச் சொடுக்கினேன். வலது காதுக்குப் பக்கத்தில் சொடுக்கினேன். திரும்பத் திரும்பச் சொடுக்கினேன். ரெக்கார்டிலும் குறையில்லை, ஹெட்போனிலும் குறையில்லை.

கார்த்திகையில் காய்ச்சல் வந்து போனதிலிருந்தே என் வலது காது அடைத்த மாதிரி இருந்தது. ஆவி பிடித்தேன், சளி என்று விட்டுவிட்டேன். மறுபதிப்பு என்றாலே ஏதாவது கெடுத்திருப்பார்கள் என்று எனக்கு அவ்வளவு நிச்சயம். அதனால் என் காதைச் சந்தேகப்படவே தோன்றவில்லை. நான் எப்பேர்ப்பட்ட மடச்சி பார்.

வியாழக்கிழமை தனியாகத் தில்லைநகர் போய் டாக்டரைப் பார்த்தேன். “காய்ச்சல் வந்த வாரமே வந்திருக்கணும்மா. இப்ப நரம்பு போயிடுச்சு. இருக்கற காதைப் பத்திரமா பாத்துக்குங்க” என்றார். நல்ல மனிதர், மெதுவாகத்தான் சொன்னார். ஆட்டோவில் திரும்பி வரும்போது அழுதேன். இவரிடம் இன்னும் சொல்லவில்லை. உனக்குத்தான் முதலில்.

இப்போது அந்தக் கல்யாணம். நீ எனக்கு வலது பக்கம் உட்கார்ந்திருந்தாய். கூடமெல்லாம் ஒரே இரைச்சல். நீ பேசியதில் ‘சுந்தரம்’ என்பதும் ‘வீடு’ என்பதும் மட்டும் காதில் விழுந்தன. நீ சிரித்த முகமாகப் பேசிக்கொண்டிருந்தாய். மேல் மாடியை வாடகைக்கு விடப்போகிறாய், சுந்தரம் சரி என்றுவிட்டான் என்று நானே நிரப்பிக்கொண்டேன். கொஞ்ச நாளாகவே இப்படித்தான் செய்கிறேன். “என்ன சொன்னே” என்று இரண்டாம் தடவை கேட்டால் கிழவியாகிவிட்டாள் என்பார்களே என்று வெட்கம். எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டால் பாதி உலகம் நகர்ந்துவிடுகிறது. உன்னிடமும் அதைச் செய்துவிட்டேன் என்பதுதான் தாங்கவில்லை.

கடைசியில் ஒன்று கேட்டேன் என்று எழுதியிருக்கிறாயே, என்ன கேட்டாய்? அப்படியே எழுது. நீ என்னவெல்லாம் சொன்னாய் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

மாது


காட்டூர்
20 பிப்ரவரி 2025

என் மாது,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பில் வைத்த பாலை மறந்து பொங்கவிட்டேன். ஒன்றரை மாதம் உன்னை மனசுக்குள் எவ்வளவு திட்டியிருக்கிறேன் தெரியுமா! அதெல்லாம் உன் வலது காதுக்கே போகட்டும்.

டாக்டரிடம் தனியாகப் போயிருக்கிறாய். என்னைக் கூப்பிட்டால் கோபமாக இருக்கிறவள் வர மாட்டாள் என்று நினைத்தாயா? அடுத்த முறை அப்படிச் செய்தால் நிஜமாகவே பேச மாட்டேன். வீட்டுக்காரரிடமும் மகள் கமலினியிடமும் உடனே சொல். பாட்டைப் பற்றிக் கவலைப்படாதே. ஹெட்போனை மாப்பிள்ளைக்கே திருப்பிக் கொடுத்துவிடு. எங்கள் கூடத்தில் ஸ்பீக்கரில் போட்டால் இரண்டு பேர் குரலும் காற்றிலேயே கலந்துதான் வரும். கேட்க ஒரு காது போதும். எழுதிய பிறகுதான் தோன்றுகிறது, அந்தக் கூடம் இன்னும் கொஞ்ச நாள்தான்.

நான் சிரித்த முகமாகப் பேசினேன் என்கிறாய். அத்தனை பேர் முன்னால் அழுதுவிடக் கூடாதே என்று சிரித்தேன்.

கேட்டது இதுதான். சுந்தரம் நல்ல பிள்ளை. பாசத்தில்தான் கூப்பிடுகிறான். “அங்க உனக்கு யார்மா இருக்கா?” என்கிறான். ஓசூரில் அவன் இருக்கிறான், மருமகள் இருக்கிறாள், எனக்கென்று ஓர் அறையும் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். இங்கே யார் என்று அவனுக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் உன்னிடம் வந்து, “மாது, நீ வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லு, நான் போகல” என்றேன்.

அவ்வளவுதான். இதற்கு இப்போது நீ பதில் சொல்ல வேண்டியதில்லை. உன் காதே உனக்குப் போதுமான கவலை. வருகிற திங்கட்கிழமை ஒப்பந்தத்தில் கையெழுத்து. வாங்குகிறவர்கள் நல்ல மாதிரியாகத் தெரிகிறார்கள். தோட்டத்துப் பவழமல்லியை வெட்ட மாட்டோம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

உன் சித்ரா


ஸ்ரீரங்கம்
23 பிப்ரவரி 2025, ஞாயிறு காலை

சித்ரா,

உன் கடிதம் நேற்று வந்தது. இவரிடம் காதைப் பற்றிச் சொன்னேன். “அதனாலதான் நான் கூப்பிட்டா திரும்பாம இருந்தியா? ஏதோ கோபமாக்கும்னு நானும் பேசாம இருந்துட்டேன்” என்றார். மூன்று மாதமாக இவரும் இப்படி ஒரு வருத்தத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். என் ஒரு காது எத்தனை பேரைப் படுத்தியிருக்கிறது பார்.

ஒரு தடவை பதிவானதை யாரும் தொடக் கூடாது என்று நான் உன்னோடு எத்தனையோ சண்டை போட்டிருக்கிறேன். பாட்டு விஷயத்தில் இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். அந்த டிரம்ஸை மன்னிக்க மாட்டேன். ஆனால் மன்னார்புரத்தில் நான் சொன்னது அப்படியே நிற்கக் கூடாது. அது நீ கேட்டதற்கு நான் சொன்ன பதில் இல்லை. நானே கற்பித்துக்கொண்ட மாடி வாடகைக்குச் சொன்னது. அதை எடுத்துவிட்டு இதை வைத்துக்கொள்.

வேண்டாம். போகாதே.

ஸ்பீக்கருக்காகச் சொல்லவில்லை. மிச்சமிருக்கிற காதும் நாளைக்கே போய்விட்டாலும் இதையேதான் சொல்வேன். பெற்ற பிள்ளை கூப்பிடும்போது தடுக்க நான் யார் என்று நேற்று முழுக்க யோசித்தேன். நீதானே என்னிடம் வந்து கேட்டாய்? எனக்கு அது போதும். சுந்தரத்துக்கு என் மேல் கோபம் வரும், வரட்டும். அங்கே யார் இருக்கிறார்கள் என்று அவன் கேட்டால் மாது இருக்கிறாள் என்று சொல். உனக்கு வாய் வரவில்லையென்றால் போனை என்னிடம் கொடு, நான் சொல்கிறேன். உடம்புக்கு முடியாமல் போனால் யார் பார்ப்பார்கள் என்பான். நான் பார்ப்பேன். எனக்கு முடியாவிட்டால் நீ பார். நீ இல்லாத திருச்சியில் எனக்கு என்ன இருக்கிறது என்று யோசித்தேன், பயமாக இருந்தது. இதை நீ கேட்காமலே நான் சொல்லியிருக்க வேண்டும்.

இதைத் தபாலில் போட்டால் செவ்வாய்க்கிழமைதான் வந்து சேரும். அதற்குள் நீ கையெழுத்துப் போட்டுவிடுவாய். போனில் சொன்னால் “சரி, பாக்கலாம்” என்று வைத்துவிடுவாய், உன்னை எனக்குத் தெரியாதா? அதனால் நானே எடுத்துக்கொண்டு வருகிறேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டில், காட்டூர் வழியாகப் போகிற துவாக்குடி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துதான் இந்தக் கடைசி வரிகளை எழுதுகிறேன். டிரைவர் இன்னும் டீ குடித்து முடிக்கவில்லை. உன் வீட்டு மணியை அடிப்பேன். நீ கதவைத் திறந்ததும் இதை உன் கையில் கொடுப்பேன். நீ படித்து முடிக்கும்வரை வாசலிலேயே நிற்பேன்.

மாது