ரயிலும் ரிக்கற்றும்

யூன் 16, திங்கள்

"‘ர’ன்னு எழுதிட்டு ஏன் டீச்சர் ‘ட’ மாதிரி படிக்கிறீங்க?" ஜெனிஸ்ராவின் கேள்வி. இருபத்து நான்கு வருடம் தமிழ் படிப்பித்தும் எனக்குப் பதில் தெரியவில்லை. "பிறகு சொல்லுறன்" என்றேன்.

சோளகக் காற்று. மேசையெல்லாம் மணல். வீட்டில் சமையல் காஸ் முடியப்போகிறது.

ஜெ.யின் குடும்பம் விடத்தல்தீவு. தமிழ்நாட்டு அகதி முகாமில் பிறந்து, அங்கேயே ஆறாம் வகுப்புவரை படித்து, தை மாதம் ஊர் திரும்பி எங்களிடம் வந்தவள். அங்கே ‘டிக்கெட்’ என்று எழுதுவார்கள். நாங்கள் ‘ரிக்கற்’ என்று எழுதிவிட்டு டிக்கெட் போல வாசிப்போம். யாரும் அவளுக்கு இதைச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை வாசிப்புச் சோதனையில் ரிக்கற், ரோச் (டார்ச்), ரயர் (டயர்) எல்லாவற்றையும் எழுத்தில் உள்ளபடியே, சுத்தமான ரகரத்தோடு வாசித்திருக்கிறாள். வகுப்பே சிரிப்பு. இன்றும் இடைவேளையில் அவளைக் கண்டதும் பிள்ளைகள்: "விலகுங்கோடி, ரோச் வருது!"

யூன் 17, செவ்வாய்

மெல்லக் கற்போர் பட்டியல் வந்தது. ஒன்பது பெயர். ஆறாவது ஜெ. வியாழன் வகுப்பாசிரியராக நான் கையெழுத்து வைத்தால் அவள் ஏழு ஏ-யிலிருந்து ஏழு பி-க்கு. அங்கே கணக்குக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆசிரியர் இல்லை. பி-க்குப் போன பிள்ளை ஏ-க்குத் திரும்பி நான் கண்டதில்லை.

சோதனை வைத்த சேரிடம் போனேன்.

"வாசிப்பெண்டா வாசிப்புத்தானே ரீச்சர். கேம்ப் பிள்ளையளுக்குத் தனிச் சட்டமே?"

"கண்ட எழுத்தைத்தானே சேர் வாசிச்சவள்."

"அப்ப நாங்கள்தான் பிழையா வாசிக்கிறமோ?"

ஓம் என்று சொல்லியிருக்க வேண்டும். இன்னொரு சோதனை கேட்டேன். வியாழன் இன்னொருமுறை வாசிக்கவிடச் சம்மதித்தார், பெரிய மனது பண்ணி.

போன மாதம்தான் ‘எல்லோருக்குமான வகுப்பறை’ செயலமர்வு. இரண்டு நாள், மத்தியானம் புரியாணி. நன்றியுரை இதே சேர். நானும் கை தட்டினேன்.

யூன் 18, புதன்

சைக்கிள் கொட்டிலுக்குள் கழுதை. பிரஷர் குளிசை மறந்தாச்சு. காஸும்.

வரவு இடாப்பு பார்த்தேன். ஜெனிஸ்ரா, நானே எழுதியது. பிறப்புச் சான்றிதழில் ஜெனிஸ்டா. கேட்காமலே மாற்றியிருக்கிறேன். அவளுக்குக் காட்டினேன்.

"அது வேற யாரோன்னு நெனச்சேன் டீச்சர்" என்றாள்.

இடைவேளையில் பத்து நிமிடம் சொல்லிக்கொடுத்தேன். "இங்கிலீஷ் சொல்லில ‘ர’ வந்தா ‘ட’ மாதிரி வாசி. அவ்வளவுதான்."

"அவ்ளோதானா? மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல டீச்சர்?"

சொல்லியிருக்கலாம். ஆறு மாதம். கோபம் பாதி சேர்மேல், பாதி என்மேல். இறங்குவதாக இல்லை.

யூன் 19, வியாழன்

வாசித்தாள். ரிக்கற் சரி. ரோச் சரி. ரயர் சரி. கடைசி வரி, "தலைமன்னார் ரயில் வந்தது." டயில் என்றாள். ரயிலும் இங்கிலீஷ் சொல்தானே.

சேர் மேசையில் தட்டிச் சிரித்தார். "பாத்தீங்களே ரீச்சர்?"

"அது நான் படிப்பிச்ச பிழை சேர்."

சிவப்புப் பேனையால் ஆறாவது பெயரை வெட்டினேன். பக்கத்தில் எழுதினேன்: பிழை வகுப்பாசிரியருடையது. கீழே கையெழுத்து.

பட்டியலை வாங்கிய பள்ளிக்கூட அதிபர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "இதை இப்பிடி வலயக் கல்விக் கந்தோருக்கு அனுப்பேலாது ரீச்சர்."

"அப்ப அனுப்பாதேங்கோ."

நாலாம் பாடம், ஏழு ஏ. இரண்டாம் வரிசை வாங்கில் ஜெ. இருந்தாள்.