எட்டு மீட்டர்

1983 ஜூன் 12, ஞாயிறு, காலை ஒன்பது இருபது. உன் சைக்கிளின் பின்சக்கரத்தில் முப்பத்தெட்டு கம்பிகள். நாற்பது இருக்க வேண்டும். இரண்டு முறை எண்ணிவிட்டேன்.

அரை மணி முன்பு உன் அப்பா குன்னத்திலிருந்து இதை பஸ் மேல் ஏற்றிக் கொண்டுவந்து, நம் அரியலூர் அறை வாசலில் சாத்தினார். "வூட்ல வச்சுப் பாக்க முடியலப்பா, நீயே ஓட்டு" என்றார். டீ வேண்டாம் என்றுவிட்டார். படியிறங்கும்போது சொன்னார்: "அவன் அம்மா இன்னும் அவனத்தான் திட்டிக்கிட்டு இருக்கா. சோத்துக்கு வராம தண்ணிக்குப் போயிட்டான் பாவின்னு."

அவர் தெரு தாண்டியதும் கம்பிகளை எண்ண உட்கார்ந்தேன்.

நீ ஒர்க்‌ஷாப்பில் வெல்டர், நான் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் சர்வே பார்ப்பவன். சித்திரையில் அபூர்வமாக இருவருக்கும் ஒரே நாளில் லீவு விழுந்தது. பெரம்பலூர் வரை சைக்கிளில் போய் ஏரியையும் டவுனையும் சுற்றிப் பார்ப்போம் என்றாய். "பஸ்ல போனா சட்டுனு போயிட்டு வந்துரலாம்டா" என்றேன். "அதுக்குத்தான்டா சைக்கிள்" என்றாய். வழியில் உன் வீட்டில் தண்ணீர் குடித்தோம். "திரும்பி வரப்ப சோறு தின்னுட்டுத்தான் போகணும், கருவாட்டுக் கொழம்பு வைக்கிறேன்" என்றார் அம்மா.

பெரம்பலூரில் உன்னை நகர்த்த முடியவில்லை. ஏரிக்கரையில் போக ஒரு தடவை, வர ஒரு தடவை. மதகின் மேல் உட்கார்ந்து வேர்க்கடலை. கடைத்தெருவில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடை வாசலில், பாட்டு முழுசாக முடியும்வரை ஒரு காலை ஊன்றி நின்றாய். நான் மணி பார்த்தேன். "வாட்ச் அதுபாட்டுக்கு ஓடட்டும், நாம நிப்போம்டா" என்றாய். ஏரியில் மாடு கழுவியவர் நம்மைப் பார்த்து, "என்ன தம்பி, ஏரிய அளக்க வந்தீங்களா?" என்றார். "இவன் அளப்பான்ணே, நான் சும்மா பாப்பேன்" என்றாய். அவர் மாட்டை விட்டுவிட்டுச் சிரித்தார்.

ஏரியில் குளிக்கணும் என்று சட்டையைக் கழற்றியவனை நான்தான் தடுத்தேன். "இந்தச் சேத்துலயா? போற வழியில எங்க சொரங்கத்துப் பழைய குழி இருக்கு, தண்ணி கண்ணாடி மாதிரி நிக்கும். ஏறு."

குன்னத்திலும் நிறுத்த விடவில்லை. "சாப்ட உக்காந்தா பொழுது போயிரும்டா." நீ உன் தெருமுனையில் பெல்லை மட்டும் அடித்துவிட்டு வந்தாய்.

குழி ஏரி இல்லை. படிபடியாக வெட்டியது. அன்று மேல்படியில் முழங்கால் தண்ணீர். அந்தப் படியின் அகலம் எட்டு மீட்டர். அது முடிகிற இடத்தில் சரிவு கிடையாது, செங்குத்தாக இருபது அடி. அந்தக் குறுக்குவெட்டுப் படத்தை வரைந்தவனே நான். ஏரியில் இறங்கிப் பழகியவன் ஆழம் மெல்ல மெல்லத்தான் கூடும் என்று நம்பி நடப்பான். உனக்கு நீச்சல் தெரியாது.

"ஆழமாடா?" என்று கேட்டாய்.

"முழங்கால்தான்டா. சீக்கிரம் முடி."

எட்டு மீட்டருக்கு அது பொய்யில்லை. மிச்சத்தைச் சொல்ல இரண்டு விநாடி ஆகியிருக்கும். நான் குனிந்து கழன்ற செயினை மாட்டிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது உன் துண்டு மட்டும் மிதந்தது. குதித்தேன். மூன்று முறை மூழ்கினேன். கையில் எதுவும் படவில்லை.

போலீசிடம் "வழுக்கி விழுந்துட்டான்" என்றேன். உன் வீட்டிலும் அதையேதான் சொன்னேன். அதனால்தான் அம்மா உன்னைத் திட்டுகிறார். இரண்டு மாதமாக, எனக்கு விழ வேண்டிய திட்டை எல்லாம் நீ வாங்கிக்கொண்டிருக்கிறாய்.

இனி செய்யப்போவது:

1. இரண்டு கம்பி போட்டு, சக்கரத்தின் கோட்டம் எடுப்பது. இன்றைக்கே.

2. குழியில் படி முடியும் விளிம்பு நெடுக மூங்கில் நட்டு, சிவப்புத் துணி கட்டுவது. ஆபீஸ் உத்தரவுக்குக் காத்திருக்கப் போவதில்லை.

3. உன் சைக்கிளிலேயே குன்னம் போவது. படத்தை அம்மா முன்னால் விரித்து, எட்டு மீட்டர் முடியும் இடத்தில் விரல் வைத்து, நீ கேட்டதையும் நான் சொன்னதையும் அப்படியே சொல்வது.

4. உன்னை விட்டுவிட்டு அவர் என்னைத் திட்டி முடிக்கும்வரை உட்கார்ந்திருப்பது. வாட்ச் இங்கேயே கிடக்கும்.